மகனின் மஞ்சள் பற்களுக்கு அம்மா காரணமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு எட்டு வயது. பால்பற்கள் முளைக்கும்போதே மஞ்சளாகவும் சிறியதாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் வந்தன. விழுந்து முளைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். விழுந்தன, முளைத்தன. புதிதாக வந்த முன்பற்களும் அதே மஞ்சள்தான். ஆறு வயதில் வந்த கடைவாய்ப் பற்களின் முனைகள் இதற்குள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பையன் துள்ளுகிறான். சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குகிறான். வகுப்பில் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறான்.

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் இவருக்குக் கடும் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். வாந்தி தாங்காமல் கால்சியம் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியும் இருக்கிறார். "நீ அன்றைக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தால் என் பேரனுக்கு இந்தக் கதி வந்திருக்காது" என்று மாமியார் சொல்வதை இவரும் பாதி நம்பத் தொடங்கிவிட்டார். பற்பசையில் உள்ள ஃபுளோரைடுதான் காரணமோ என்று இன்னொரு சந்தேகம். அதனால் பற்பசையை நிறுத்திவிட்டார். பல் தேய்ந்துவிடும் என்று பயந்து, பல் துலக்குவதையும் பெயருக்கு ஆக்கிவிட்டார். ஒரு பல் மருத்துவர் பதினெட்டு வயது வரை ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார். உறவினர் ஒருவர் பிளீச் செய்து வெளுப்பாக்கிவிடலாம் என்கிறார்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரிகள் இருந்தன. "என் பல்லிலும் மேலிருந்து கீழாகக் கோடுகள் உண்டு. நகத்தால் வருடினால் மேடு பள்ளம் தட்டுப்படும். என் அண்ணனுக்குச் சின்ன வயதில் என் மகனைப் போலவே பல் இருந்தது. இருபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக்கொண்டார். அவர் பையனுக்குப் பல் முத்து மாதிரி இருக்கிறது." இவர் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. இந்த முறை கால்சியம் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் சாப்பிட்டால் இந்தக் குழந்தையாவது தப்பிக்குமா, வயிற்றிலேயே பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரிகளில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். அது உங்களை எட்டு வருடமாகத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது.

மாத்திரை மேல் பழி போட முடியுமா?

பற்கள் எல்லாம் ஒரே நாளில் உருவாவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. பால்பற்களின் எனாமல் (பாடப்புத்தகத்தில் பற்சிப்பி என்று படித்திருப்பீர்கள்) குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, ஏறக்குறைய நான்காம் மாதத்தில் உருவாகத் தொடங்குகிறது. ஆனால் விழுந்து முளைக்கிற முன்பல்லின் எனாமல் தொடங்குவது குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான். ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட மாத்திரை, அப்போது தொடங்கவே தொடங்காத ஒரு பல்லை எப்படிக் கெடுத்திருக்க முடியும்? உங்கள் மகனுக்குப் பால்பற்களும் கெட்டிருக்கின்றன, அதன்பின் வந்த முன்பற்களும் அதே மாதிரி கெட்டிருக்கின்றன. ஒரு வாரக் காய்ச்சலாலும் மருந்தாலும் இந்த இரண்டையும் விளக்க முடியாது.

இன்னொரு தடயமும் உண்டு. காய்ச்சல், சத்துக்குறைவு, மருந்து போன்றவை எனாமலைப் பாதித்தால், அந்த நாட்களில் எந்தப் பகுதி உருவாகிக்கொண்டிருந்ததோ அங்கே மட்டும் குறுக்காக ஒரு பட்டை விழும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நிற்கிற கறைக்கோடு மாதிரி. அதற்கு மேலேயும் கீழேயும் பல் நன்றாகவே இருக்கும். உங்கள் மகனுக்கு எல்லாப் பற்களும் முழுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பல்லில் இருக்கும் கோடுகளோ குறுக்காக இல்லை, நெடுக்காக இருக்கின்றன.

ஃபுளோரைடு மீதான சந்தேகத்தையும் இதே கணக்கில் தள்ளிவிடலாம். அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு பல்லில் வெண்படலத்தையும் பழுப்புத் திட்டையும் உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது நிரந்தரப் பற்களைத்தான் பிடிக்கும். அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த மற்ற பிள்ளைகளிடமும் காணப்படும். பற்பசையை நிறுத்தியதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த செய்தி. இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள்.

சென்ட்ரிங் பலகையும் எனாமலும்

மனித உடம்பில் எனாமலைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அது உருவாகிற விதத்தைப் பார்த்தால், கான்கிரீட் தளம் போடுகிற வேலைதான் எனக்கு நினைவுக்கு வரும். முதலில் சென்ட்ரிங் பலகை அடிப்பார்கள். கலவையைக் கொட்டுவார்கள். இறுகியதும் பலகையைப் பிரித்தெடுப்பார்கள். எனாமலுக்குப் பலகை என்பது புரதம். அமெலோபிளாஸ்ட் என்கிற செல்கள் வரிசையாக நின்று அந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டே பின்வாங்குகின்றன, நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு மைக்ரான் வீதம். புரதத்துக்குள் நூலிழை போலக் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நீளமாக வளர்கின்றன. முழுக் கனம் வந்ததும் நொதிகள் புரதத்தைக் கரைத்து வெளியேற்றுகின்றன. அது காலி செய்த இடத்தில் படிகங்கள் பருத்து, ஒன்றோடொன்று நெருக்கி அடைத்துக்கொள்கின்றன.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி மரபணுக்கள் பொறுப்பு. புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அமெலோஜெனின். அதற்கான மரபணு அமெல்எக்ஸ். எனாமலின் என்கிற இன்னொரு புரதம் அளவில் கொஞ்சம்தான், ஆனால் அதில் குறை வந்தால் எனாமல் மெலிந்தோ குழிகுழியாகவோ போகும். பலகையைப் பிரிக்கிற வேலை எம்எம்பி20, கேஎல்கே4 என்ற இரண்டு நொதிகளுடையது. அவை வேலை செய்யாவிட்டால் எனாமல் முழுக் கனத்தில் இருக்கும், ஆனால் உள்ளே புரதம் தங்கிப்போய் பழுப்பாகவும் எளிதில் உடைவதாகவும் இருக்கும். ஃபாம்83எச் மரபணுவில் கோளாறு என்றால் எனாமல் சுண்ணக்கட்டி போல மென்மையாக வந்து, முளைத்த கொஞ்ச காலத்திலேயே உதிரும். இப்படி வருகிற பிறவிக் குறைபாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; எனாமல் உருவாக்கத்தில் குறை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எத்தனை பேருக்கு வரும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. வடக்கு ஸ்வீடனில் 700 பேருக்கு ஒருவர் என்றும் அமெரிக்காவில் 14,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் உண்டு.

பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அமெலோபிளாஸ்ட் செல்கள் அழிந்துவிடுகின்றன. கட்டி முடித்த வீட்டிலிருந்து கொத்தனார் நிரந்தரமாகப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் எலும்பு முறிந்தால் கூடுகிறது, எனாமல் போனால் திரும்ப வளர்வதில்லை. இனிமேல் உங்கள் மகனுக்கு எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் முளைத்துவிட்ட பல்லில் எனாமல் கூடப்போவதில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த மஞ்சள் அழுக்கில்லை. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற திசுவின் இயல்பான நிறமே மஞ்சள்தான். போர்வை மெலிந்ததால் உள்ளே இருப்பது தெரிகிறது. ஆகவே பிளீச் யோசனை வேண்டவே வேண்டாம். இருக்கிற கூச்சம் அதிகமாகும்.

உங்கள் பல்லில் இருக்கும் கோடுகள்

இப்போது அந்த இரண்டு வரிகளுக்கு வருகிறேன். அமெல்எக்ஸ் மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். ஒய் குரோமோசோமிலும் இதன் சாயலில் ஒரு மரபணு உண்டு, ஆனால் அது சுரக்கிற புரதம் மிகக் குறைவு. எக்ஸில் இருப்பது பழுதானால் ஈடுகட்ட அதனால் முடியாது. (இந்த இரண்டுக்கும் நீளத்தில் இருக்கும் சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் தடயவியல் ஆய்வகத்தில் ஒரு ரத்தத்துளி ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்கிறார்கள். பல்லுக்கான மரபணு குற்ற வழக்கில் சாட்சி சொல்லப் போவது எனக்கு எப்போதும் வியப்புத்தான்.) அதனால் பழுதான எக்ஸ் கிடைத்த பையனுக்கு எல்லாப் பற்களும் ஒரே சீராகப் பாதிக்கப்படும். உங்கள் மகனைப் போல. உங்கள் அண்ணனைப் போல.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் பெண் உடம்பின் ஒவ்வொரு செல்லும், கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, இரண்டில் ஒன்றை அணைத்துவைத்துவிடுகிறது. மேரி லயன் என்ற மரபியலாளர் இதை 1961-இல் முன்வைத்தார். எதை அணைப்பது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான். அந்தச் செல்லிலிருந்து பெருகுகிற செல்கள் எல்லாம் அதே தேர்வைப் பின்பற்றும். ஆக உங்கள் பல்லைக் கட்டிய அமெலோபிளாஸ்ட்களில் ஒரு கூட்டம் நல்ல எக்ஸை வைத்து வேலை செய்தது. பக்கத்துக் கூட்டம் பழுதான எக்ஸை வைத்து வேலை செய்தது. நல்ல கூட்டம் கட்டிய இடத்தில் மேடு, மற்றதில் பள்ளம். இந்தக் கூட்டங்கள் பல்லில் நெடுக்காக அமைவதால் கோடுகளும் நெடுக்காக விழுகின்றன. உங்கள் நகத்தில் தட்டுப்பட்டது அந்த மேடு பள்ளம்தான்.

அண்ணன் பையனுக்குப் பல் நன்றாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய். பழுதான எக்ஸ் அவனுக்குப் போகவே வழியில்லை. அண்ணனுக்கு மகள்கள் இருந்தால் அவர்களின் பல்லைச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தகப்பனின் ஒரே எக்ஸ் மகள்கள் எல்லோருக்கும் போகும் என்பதால், உங்களுக்கு இருப்பது போன்ற கோடுகள் அவர்களுக்கும் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் பழைய புகைப்படம் ஏதாவது சிரித்த முகமாக இருக்கிறதா என்றும் தேடுங்கள். கடிதத்தை வைத்து நான் செய்கிற ஊகம் இது. பையனின் வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற மருத்துவர்தான் உறுதி சொல்ல வேண்டும். மரபணுப் பரிசோதனை செய்தால் அமெல்எக்ஸை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 1991-இல் இந்த நோய்க்குக் காரணம் என்று முதன்முதலில் கண்டறியப்பட்ட மரபணுவே அதுதான். ஆனால் பரிசோதனை முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த மாதம் செய்ய வேண்டிய வேலை மாறாது.

இதைப் படித்ததும் உங்களுக்குள் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். "மாத்திரை காரணமில்லை, ஆனாலும் கடைசியில் நான்தானே காரணம்?" ஒருவருக்குத் தெரியாமல், அவர் தேர்ந்தெடுக்காமல், அவர் பிறப்பதற்கு முன்பே அவர் செல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஓர் எழுத்துப்பிழையை அவர் செய்த தவறு என்று எந்த மருத்துவமும் சொல்லாது. உங்கள் இரண்டு எக்ஸில் எது மகனுக்குப் போக வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. மாமியாரிடம் பேசத் தைரியம் வராவிட்டால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். காலக்கணக்கை மருத்துவர் வாயால் கேட்டால் அவரும் மாறக்கூடும். பேரனுக்காக அழுகிறவர்தானே அவர்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

நான் நினைப்பது சரியாக இருந்தால், கணக்கு இது. பிறப்பது ஆணாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு: அண்ணனைப் போன்ற பற்கள், அல்லது முற்றிலும் நல்ல பற்கள். பெண்ணாக இருந்தாலும் பாதிக்குப் பாதிதான். ஆனால் வந்தாலும் பெரும்பாலும் உங்களைப் போலக் கோடுகளோடு நிற்கும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இதற்கு வராது என்றோ, நிச்சயம் வரும் என்றோ இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டுகிற நாணயம் அது.

கால்சியம் மாத்திரை இந்தக் கணக்கை மாற்றாது. ஆனாலும் உங்கள் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள். அது உங்கள் எலும்புக்கும் உடம்புக்கும் வேண்டும். வயிற்றிலேயே பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பரிசோதனைகளுக்கென்று சிறு ஆபத்துகள் உண்டு; அமெல்எக்ஸ் கோளாறு பல்லைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை; தெரிந்துகொண்டாலும் பல் முளைக்கும் வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. முதல் பல் எட்டிப்பார்த்ததும் குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், போதும்.

இந்த நோயின் வேறு சில வகைகள் பல்லோடு நிற்பதில்லை. ஃபாம்20ஏ மரபணு பழுதானால் ஈறு தடித்து, பற்கள் முளைக்காமல் உள்ளேயே தங்கும், சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். அது எக்ஸ் வழியில் வருவதில்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும். இன்னொரு அரிய வகையில் பார்வை மங்கும், வேறொன்றில் வலிப்பு வரும். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. பற்கள் உரிய வயதில் முளைக்கின்றனவா, வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டாம்

இங்கேதான் நான் அந்த மருத்துவரோடு வேறுபடுகிறேன். ஒன்றும் செய்ய முடியாது என்பது பழைய காலத்துப் பேச்சு. அப்படிக் காத்திருந்தவர்களில் பலர் உங்கள் அண்ணனைப் போலப் பல்செட்டில் போய் முடிந்தார்கள். இந்த நோயில் கெட்டிருப்பது மேல்போர்வை மட்டும். வேர் பெரும்பாலும் நல்ல உறுதியோடு இருக்கும். நல்ல வேரைப் பிடுங்கினால் தாடை எலும்பும் சேர்ந்து கரையத் தொடங்கும்.

முதல் வேலை கடைவாய்ப் பற்களைக் காப்பாற்றுவது. முனை தேய்ந்துகொண்டே போனால் மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் இடையில் இருக்கிற உயரம் குறையும்; பின்னால் செய்யப்போகிற எல்லா வேலைக்கும் அது இடைஞ்சல். இந்த வயதுக்கு எஃகு கேப் நல்லது. பல்லை அதிகம் ராவாமலே பொருத்திவிடலாம், கூச்சமும் பெரிய அளவில் அடங்கும். வெள்ளிநிறத்தில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். அது உள்ளே இருக்கும் பல், சிரித்தால் பெரிதாகத் தெரியாது.

முன்பற்களுக்கு, அவை ஓரளவு முழுதாக வெளிவந்ததும், பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் பூச்சு போடலாம். குறைபட்ட எனாமலில் அது நல்ல எனாமலில் ஒட்டுவது போல உறுதியாக ஒட்டுவதில்லை என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை பெயர்ந்து வரும், மறுபடி போட வேண்டியிருக்கும். அதை மருத்துவரின் தவறு என்று நினைத்து இடம் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். நிரந்தரமான பீங்கான் கேப்புக்குப் பொதுவாக வளர்ச்சி நிற்கும் வரை பொறுப்பார்கள். ஆனால் ஸ்வீடனில் இந்த நோயுள்ள பதின்வயதினருக்கே பீங்கான் கேப் போட்டுத் தொடர்ந்து கவனித்ததில் அவை நன்றாக நின்றன, கூச்சமும் குறைந்தது. ஆகவே பையனுக்குப் பதிமூன்று பதினான்கு வயதாகும்போது அந்தப் பேச்சைத் தொடங்கலாம். இந்த நோயில் சிலருக்கு வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி நிற்கும். உங்கள் மகனுக்கு அப்படி இருந்தால் பற்சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை, நாளுக்கு இரண்டு வேளை. துலக்கியதும் துப்பட்டும், நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பிரஷ் பல்லைத் தேய்க்கும் என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் துலக்காத பல்லில் படிகிற காரையும் அதனால் வீங்குகிற ஈறும் அதைவிடக் கேடு. வீங்கி ரத்தம் கசிகிற ஈறுக்குப் பக்கத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள்.

பையனிடம் நீங்களே பேசுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுவன், தான் பல் துலக்காத அழுக்குப் பையன் என்று நினைத்து, மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் குளியலறையில் ரத்தம் வரும் வரை தேய்த்துக்கொண்டிருந்தான். அது அழுக்கில்லை, பல்லின் உள்நிறம் என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டியபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்படியென்றால் நான் மெதுவாகத் தேய்க்கலாமா?" என்பதுதான்.

குழந்தைகளுக்கான பல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்றை எடுத்துக்கொண்டு போங்கள்: மகனின் சின்ன வயதுப் படங்கள், உங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் பல் எப்படி என்று ஒரு தாளில் எழுதிய பட்டியல், இனிமேல் விழப்போகிற பால்பற்களில் ஒன்று. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், எனாமல் மெலிந்ததா, முதிராததா என்று அந்தச் சின்னப் பல்லே காட்டிவிடும்.